பச்சோந்திக்கு ஏற்ற கூண்டு: வாசகர் கேள்வி – பதில்

பச்சோந்தி வளர்ப்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை நோயைப் பற்றியே இருக்கின்றன. வாயைத் திறந்தபடியே இருக்கிறது, முதுகில் புண், கால் வளைகிறது, தண்ணீரே குடிப்பதில்லை... ஒவ்வொன்றையும் துருவிப் பார்த்தால் காரணம் கூண்டில்தான் போய் நிற்கிறது. அதனால் இந்த முறை கூண்டு அமைப்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பதில்களில் வரும் அளவுகள், வளர்ப்பில் அதிகம் காணப்படும் யேமன் பச்சோந்திக்கும் மடகாஸ்கரைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்திக்கும் பொருந்துபவை. மலைக்குளிரில் வாழும் ஜாக்சன் பச்சோந்திக்கு வேறுபாடு இருக்கும் இடத்தில் தனியாகச் சொல்கிறோம். காட்டிலிருந்து பிடித்துவந்த பச்சோந்தியை வாங்கவே வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம். ஒட்டுண்ணியோடும் மிரட்சியோடும் வரும் அந்தப் பிராணி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. வளர்ப்பில் பிறந்ததா, சட்டப்படி வளர்க்கலாமா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கூண்டைப் பற்றி யோசியுங்கள்.

கே: வீட்டில் பெரிய கண்ணாடி மீன்தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. மூன்று மாத யேமன் பச்சோந்திக் குட்டியை அதில் வளர்க்கலாமா?

ப: வேண்டாம். மீன்தொட்டி நீளவாக்கில் இருப்பது. பச்சோந்திக்கு வேண்டியது உயரம். மேலே போனால் சூடும் வெளிச்சமும், கீழே இறங்கினால் குளிர்ச்சியும் நிழலும் என்று இடம் மாறி மாறித்தான் அது தன் உடம்புச் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்கிறது. 40 செ.மீ. உயரத் தொட்டியில் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே சூடுதான்.

அடுத்தது காற்று. நாலு பக்கமும் கண்ணாடியாக இருந்தால் ஈரக்காற்று உள்ளேயே தேங்கும். சில நாளில் மூலைகளில் பூஞ்சை வாடை வரும். அதைத் தொடர்ந்து நுரையீரல் தொற்று வரும். மூன்றாவது, கண்ணாடியில் தெரியும் சொந்த உருவம். அதை எதிரி என்று நினைத்து உடம்பைத் தட்டையாக்கி, நிறம் கறுத்து, நாள் முழுக்க மிரட்டிக்கொண்டு நிற்கும். இரை எடுக்காது.

வளர்ந்த ஆண் யேமன் பச்சோந்தி, வாலையும் சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை வரும். அதற்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரமுள்ள வலைக்கூண்டு வேண்டும். இதைக் குறைந்தபட்ச அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பேந்தருக்கும் இதே அளவுதான். பெண் சற்றுச் சிறியது என்றாலும் 45 × 45 × 90 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம். உங்கள் குட்டிக்கு ஐந்தாறு மாதம் ஆகும்வரை 40 × 40 × 75 செ.மீ. போதும். சிறிய கூண்டில் அது இரையைக் கண்டுபிடிப்பதும் எளிது, தின்கிறதா என்று நீங்கள் கவனிப்பதும் எளிது.

வலை அலுமினியமாக இருக்கட்டும். ஜன்னலுக்குப் போடும் ஃபைபர் கொசுவலையை இரைப்பூச்சிகள் கடித்து ஓட்டை போட்டுவிடும். பச்சோந்தியின் நகமும் அதில் சிக்கிப் பிய்ந்துபோகும். துத்தநாகம் பூசிய கம்பிவலை ஈரத்தில் துருப்பிடிக்கும், வெட்டிய ஓரங்கள் காலைக் கிழிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஹீட்டரோ ஏசியோ நாள் முழுக்க ஓடும் வறண்ட அறையில் முழு வலைக்கூண்டில் ஈரம் நிற்காது. அங்கே பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டையும் பிளாஸ்டிக் தகடால் மூடலாம். கூரை மட்டும் வலையாகவே இருக்க வேண்டும். முன்பக்கம் கீழே சில செ.மீ. உயரத்துக்குக் காற்றுத்திறப்பும் வேண்டும். சூடான காற்று கூரை வழியே வெளியேற, கீழேயிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். இந்த இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்தாலும் மீன்தொட்டிக் கதைதான்.

கே: கூண்டை அறையில் எங்கே வைப்பது?

ப: தரையில் வைக்காதீர்கள். மேலேயிருந்து குனிந்து பார்க்கும் எதையும் பச்சோந்தி வேட்டைப் பறவையாகவே எடுத்துக்கொள்ளும். மேல்கிளையில் உட்கார்ந்தால் அதன் கண் உங்கள் கண்ணுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ இருக்குமாறு உறுதியான மேசையில் தூக்கி வையுங்கள். ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், அடிக்கடி திறந்து மூடும் கதவோரம், சமையல் புகை வரும் இடம், நாயும் பூனையும் முறைத்துப் பார்க்கக்கூடிய இடம் எதுவும் ஆகாது.

கே: கூண்டுக்குள் இரண்டு கொம்பும் பிளாஸ்டிக் கொடியும் போட்டிருக்கிறேன். இன்னும் என்ன வேண்டும்?

ப: நிறைய வேண்டும். வெறுமையான கூண்டில் பச்சோந்தி எப்போதும் பார்வையில் பட்டுக்கொண்டே இருக்கும். ஒளிய இடமில்லாத பிராணி சாப்பாட்டைக் குறைக்கும். கதவைத் திறந்து நின்று பாருங்கள். பச்சோந்தி விரும்பினால் உங்கள் கண்ணுக்குப் படாமல் முழுதாக மறைய முடிகிறதா? முடியவில்லை என்றால் இலை போதவில்லை.

கிளையிலிருந்து தொடங்குவோம். பச்சோந்தியின் காலைக் கிட்டத்தில் பார்த்தால், முன்காலில் மூன்று விரல் உள்பக்கமும் இரண்டு வெளிப்பக்கமும் கட்டாக இருக்கும். பின்காலில் இது தலைகீழ். இடுக்கி போலப் பற்றுவதற்கென்றே அமைந்த கால் அது. கிளை பிடிக்குள் அடங்க வேண்டும், அதே சமயம் விரல்நுனிகள் ஒன்றோடொன்று மோதும் அளவுக்கு மெலிந்தும் இருக்கக் கூடாது. வளர்ந்த பச்சோந்திக்குப் பென்சில் பருமனிலிருந்து கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன் வரை கலந்து போடுங்கள். ஒரே பருமனாக வழவழவென்று சீவிய கட்டைகளை மட்டும் போட்டால், விரலின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து நாளடைவில் வீங்கும். பட்டையோடு கூடிய, பூச்சிமருந்து படாத கொம்புகளே நல்லது.

கிடைமட்டக் கிளைகள்தான் முக்கியம். மேல்மட்டத்தில் ஒன்றிரண்டு, நடுவில் மூன்று நான்கு, கீழே ஒன்று என்று கூண்டின் குறுக்கே போக வேண்டும். அவற்றை இணைக்கச் சாய்வாகச் சில கொம்புகள். எந்தக் கிளையிலிருந்தும் இன்னொன்றுக்கு வலையைத் தொடாமலே போக முடிய வேண்டும். கிளையை வலையிலேயே கட்டினால் வலை தொய்ந்து கிழியும். கூண்டுச் சட்டத்தின் இருபுறமும் எதிரெதிரே மெல்லிய மரச்சட்டம் பொருத்தி, அதில் கேபிள் டையால் கட்டுங்கள். சட்டத்தில் துளையிட வழியில்லை என்றால், கிளையின் முனையில் வலைக்கு வெளியிலிருந்து அகலமான வாஷர் வைத்துத் திருகாணி முடுக்கலாம். பூந்தொட்டியின் எடையும் இந்தச் சட்டத்தில்தான் தொங்க வேண்டும்.

செடிக்கு வருவோம். மணி பிளாண்ட், குடைச்செடி எனப்படும் ஷெஃப்ளெரா, ஃபைகஸ் பெஞ்சமினா, செம்பருத்தி, அரேகா பனை ஆகியவை நன்றாக ஒத்துவரும். ஷெஃப்ளெராவும் ஃபைகஸும் பச்சோந்தியின் எடையைத் தாங்கும். மணி பிளாண்ட் இலையில் தண்ணீர்த் துளி அழகாக நிற்கும். யேமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும் என்பதை மறக்காதீர்கள். அரளி, டிஃபன்பேக்கியா போன்ற நச்சுச் செடிகள் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. பிளாஸ்டிக் இலையைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். அதனால் யேமன் கூண்டில் இருக்கும் பிளாஸ்டிக் கொடியை இன்றே எடுத்துவிடுங்கள்.

நர்சரியிலிருந்து வரும் செடியை நேராக உள்ளே வைக்காதீர்கள். இலையின் இருபுறமும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வேர்மண்ணை உதறி, உரமணி கலக்காத மண்ணில் மாற்றி நட்டு, சில வாரம் வெளியே வைத்திருங்கள். சில பூச்சிமருந்துகள் செடியின் சாற்றுக்குள்ளேயே ஏறியிருக்கும்; கழுவினால் போகாது, நாள்பட்டுத்தான் குறையும். தொட்டி மண்ணின் மேல் பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய கூழாங்கற்களை அடுக்குங்கள். நாக்கை நீட்டி இரை பிடிக்கும்போது மண்ணும் சிறுகல்லும் சேர்ந்து உள்ளே போவதைத் தடுக்க இதுதான் வழி.

கே: கூண்டு ஜன்னலோரம் இருக்கிறது. காலை வெயில் கண்ணாடி வழியாக நன்றாக விழுகிறது. தனியாக யுவிபி விளக்கு வேண்டுமா?

ப: கட்டாயம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். யுவிபி எனப்படும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். பச்சோந்தியின் தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும்; டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். கதிர் கிடைக்காத குட்டியின் எலும்பு ரப்பராகும். முன்கால் வளையும், தாடை மெத்தென்று ஆகும், குறிபார்த்து நாக்கை எறிய முடியாது. வளைந்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. இந்த ஒரு விளக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வாங்க வேண்டியது டி5 ஹெச்ஓ என்ற வகைக் குழல்விளக்கு. நீளம் கூண்டின் அகலத்துக்கு இருக்கட்டும். பின்னால் பளபளப்பான பிரதிபலிப்பான் உள்ள சட்டத்தில் பொருத்துங்கள். 5 அல்லது 6 சதவீத யுவிபி போதும். சுருள் பல்புகள் மிகச் சிறிய வட்டத்தில்தான் கதிரைப் பாய்ச்சும். பச்சோந்தி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் பலனில்லை.

தூரம்தான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். விளக்கைக் கூரைவலையின் மேல் வைத்தால், வலையே கதிரில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடும். இதையும் கணக்கில் சேர்த்து, வெயில் காயும் கிளை, அதாவது விளக்கடியில் பச்சோந்தி உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ளும் மேல்கிளை, கூரையிலிருந்து 20 முதல் 23 செ.மீ. கீழே இருக்க வேண்டும். 10, 12 சதவீத விளக்காக இருந்தால் ஏறக்குறைய 30 செ.மீ. வேண்டும். குறியளவு என்னவென்றால், பச்சோந்தியின் முதுகு இருக்கும் உயரத்தில் யுவி குறியீடு 3. இதை அளக்கும் மீட்டர் விலை கூடியதுதான். வளர்ப்போர் சங்கத்திலோ வளர்ப்பு நண்பரிடமோ இருந்தால் ஒருமுறை இரவல் வாங்கி அளந்துவிடுங்கள். விளக்கு, வலை, பிரதிபலிப்பான் மூன்றும் வீட்டுக்கு வீடு மாறுவதால் அளந்த எண்ணுக்கு ஈடில்லை.

12 மணி நேரம் எரியட்டும், 12 மணி நேரம் அணையட்டும், டைமரில் போட்டுவிடுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் குறையாமல் தெரிந்தாலும் யுவிபி குறைந்துகொண்டே வரும். டி5 ஹெச்ஓ விளக்கை ஆண்டுக்கு ஒருமுறையும் பழைய டி8 வகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். மாட்டிய தேதியைச் சட்டத்தில் எழுதி ஒட்டிவிட்டால் மறக்காது.

ஜன்னலோர வெயில் இன்னொரு வகையில் ஆபத்தும்கூட. கண்ணாடி வழி வரும் வெயிலில் கூண்டு சில நிமிடத்தில் கொதித்துவிடும். உண்மையான வெயில் காட்ட ஆசை என்றால் வலைக்கூண்டில் வைத்து வெளியே கொண்டுபோங்கள். பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும், இலையில் தண்ணீர் தெளித்து வையுங்கள், கூடவே ஆள் இருங்கள். நேர் வெயிலுக்கு ஈடான விளக்கு எதுவும் கிடையாது.

கே: முதுகு விளிம்பில் வெளிறிய திட்டு வந்தது. இரண்டு நாளில் கறுத்துவிட்டது. பூஞ்சையா?

ப: நீங்கள் சொல்லும் இடத்தையும் நிறமாற்றத்தையும் பார்த்தால் விளக்குச் சூட்டில் ஏற்பட்ட தீப்புண்ணாகவே தோன்றுகிறது. முதலில் வெளிறும், பிறகு கறுத்துப் பொருக்காகும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகக் களிம்பு எதையும் தடவ வேண்டாம்.

ஏன் நகர்ந்துபோகவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். உடம்பின் உள்பகுதி சூடேறும்வரை பச்சோந்தி விளக்கடியிலிருந்து நகராது. உள்ளே இன்னும் குளிராக இருக்கும்போதே விளக்குக்கு மிக அருகிலுள்ள முதுகு விளிம்பும் தலைக்கொண்டையும் வெந்துவிடும். இரவில் அறை அதிகமாகக் குளிர்ந்து, காலையில் பல்பு மிக நெருக்கமாக இருந்தால் இது எளிதில் நடக்கும். கூரைவலையில் தலைகீழாகத் தொங்கும் பழக்கமுள்ளதும் சுட்டுக்கொள்ளும். குட்டியாக இருக்கும்போது வைத்த கிளையையே விட்டுவைப்பது இன்னொரு காரணம். பிராணி வளர வளர முதுகு விளக்கை நெருங்கிக்கொண்டே போகும்.

சரிசெய்யும் முறை: 40 அல்லது 60 வாட் சாதாரண இழை பல்பு போதும். கூண்டுக்கு வெளியே, கூரைவலையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். கம்பிநுனி உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானியை வாங்கி, நுனியைக் கிளையில் வைக்காமல் பச்சோந்தியின் முதுகு வரும் உயரத்தில் கட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆண் யேமனுக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், பேந்தருக்கு 29 முதல் 31, பெண்ணுக்கும் குட்டிக்கும் 27 முதல் 29, ஜாக்சனுக்கு 27 அல்லது 28. கூடினால் பல்பைத் தூக்குங்கள், அல்லது டிம்மரால் குறையுங்கள். கூண்டின் நடுவில் 22 முதல் 26 டிகிரி இருக்கட்டும். அறையே 30 டிகிரியைத் தாண்டும் பருவத்தில் சூட்டு பல்பே தேவையில்லை, அணைத்துவிடுங்கள்.

இரவில் எந்த விளக்கும் கூடாது. சிவப்பு, நீல இரவு பல்புகளும் தூக்கத்தைக் கெடுக்கும். யேமனும் பேந்தரும் 16 முதல் 18 டிகிரி இரவுக் குளிரை எளிதாகத் தாங்கும்; ஜாக்சனுக்கு அதைவிடக் குளிர்ந்தாலும் நல்லதே. சூட்டுக்கல், அடியில் விரிக்கும் சூட்டு விரிப்பு இரண்டும் பச்சோந்திக்கு உதவாது. அதற்குச் சூடு வருவது மேலேயிருந்துதான்.

கே: கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் தொடுவதில்லை. ஈரம் வேண்டுமே என்று ஃபாகரை (ஈரமூட்டம் கிளப்பும் கருவி) பகல் முழுக்க ஓட விடுகிறேன். இப்போது வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கி வைத்திருக்கிறது. என்ன செய்வது?

ப: ஃபாகரை உடனே நிறுத்துங்கள். விளக்குச் சூடு குறைவாக இருக்கும்போதும் வாயைத் திறந்து தலையைத் தூக்கி மூச்சு விடுகிறது என்றால் நுரையீரல் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். வாயோரத்தில் நுரைக்குமிழி, மூச்சோடு 'டிக்' என்ற சத்தம் இருந்தால் நாளைக்கென்று தள்ளாமல் இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். விளக்கடியில் இருக்கும்போது மட்டும் வாய் திறந்தால் அது சூடு தாங்காத அறிகுறி. பல்பைத் தூக்கினால் போதும்.

சூடான பகலில் ஓயாத ஈரமூட்டம் இருந்தால் கிருமி பெருகும். பச்சோந்தியின் ஊரில் நடப்பதே வேறு. பகலில் காய்ந்த காற்று, இரவில் குளிரும் பனியும், விடியலில் இலை நுனியில் துளிகள். கூண்டிலும் அதையே கொண்டுவர வேண்டும்.

காலையில் விளக்கு எரிவதற்கு முன் இரண்டு நிமிடம் நுண்துளியாகத் தெளியுங்கள். இரவில் விளக்கு அணைந்த பிறகு இன்னொரு முறை. பகலில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், இரவில் 80க்கு மேல். காலையில் நனைந்த இலை நண்பகலுக்குள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஃபாகர் பின்னிரவில் மட்டும் ஓடட்டும், அதுவும் அறை 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான். இரவிலும் சூடு குறையாத இடத்தில் ஃபாகரையே மறந்துவிடுங்கள். தெளிப்பும் காற்றோட்டமும் போதும். ஃபாகரில் காய்ச்சி வடித்த நீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றி, வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள். அழுக்குத் தொட்டியிலிருந்து வரும் மூட்டம் கிருமியை நேராக நுரையீரலுக்கே கொண்டுபோகும்.

கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் தண்ணீராகவே கண்டுகொள்ளாது. அதன் கண்ணை இழுப்பது அசையும், மின்னும் துளி. சொட்டுக்குழாயைக் கூரைமேல் வைத்து, விநாடிக்கு ஒரு துளி வீதம் பெரிய இலைமேல் விழவிடுங்கள்; பகலில் 15, 20 நிமிடம் போதும். துளி இலையில் விழுந்து ஓடும்போது பச்சோந்தி ஒரு கண்ணை மட்டும் அங்கே திருப்பும். நீங்கள் கிட்டே நின்றால் அத்தோடு சரி. விலகிப் போனால் மெல்ல வந்து, தாடையை இலையோடு ஒட்டி, மென்றுகொண்டே உறிஞ்சும்.

போதிய தண்ணீர் கிடைக்கிறதா என்பதை எச்சம் சொல்லும். எச்சத்தோடு கெட்டியாக வரும் சிறுநீர்ப் பகுதி (யூரேட்) வெள்ளையாக இருந்தால் சரி, நுனியில் சிறிது மஞ்சள் தட்டினாலும் கவலையில்லை. முழுதும் ஆரஞ்சு நிறமாகக் கெட்டிப்பட்டிருந்தால் தண்ணீர் போதவில்லை.

இவ்வளவு தண்ணீரும் கீழே எங்காவது போக வேண்டும். அடித்தகட்டில் துளையிட்டு, கீழே சற்றுச் சாய்வான தட்டும் வாளியும் வையுங்கள். வடிகால் இல்லாத கூண்டில் ஒரே வாரத்தில் நாற்றம் வந்துவிடும்.

கே: தரையில் மண் போடலாமா, மரத்தூளா, வெறுமையா?

ப: தொடங்குபவருக்கு வெறும் தரையே மேல். துடைப்பது எளிது, எச்சம் கண்ணுக்குத் தெரியும். மரத்தூள், தேங்காய்நார்த் துண்டு போன்றவை இரையோடு வயிற்றுக்குள் போகும், ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

அனுபவம் வந்த பிறகு உயிர்மண் தரை அமைக்கலாம். கீழே 5 செ.மீ. சுட்ட களிமண் உருண்டை, அதன்மேல் பிரிப்புவலை, அதற்கும் மேல் 15 செ.மீ. மண், மேற்பரப்பில் காய்ந்த இலை. அதில் ஸ்பிரிங்டெயில் என்ற மண்ணில் வாழும் நுண்பூச்சிகளையும் ஐசோபாட் எனப்படும் மண்பேன்களையும் விட்டால் எச்சத்தையும் பூஞ்சையையும் அவையே தின்று தீர்க்கும். செடி நேராக மண்ணிலேயே வேர்விடும். ஆனால் அந்த எடையைச் சாதாரண வலைக்கூண்டின் அடித்தகடு தாங்காது. முதலிலேயே கனமான அடித்தட்டு உள்ள கூண்டாக வாங்க வேண்டும்.

கே: பெண் யேமன் பச்சோந்தி தனியாகத்தான் இருக்கிறது. ஆணோடு சேரவே இல்லை. ஆனால் இரண்டு நாளாகத் தரையில் அலைந்து மூலைகளைச் சுரண்டுகிறது. ஏன்?

ப: முட்டையிட இடம் தேடுகிறது. ஆணோடு சேராமலே பெண் யேமன் முட்டையிடும். நாலைந்து மாத வயதிலேயே தொடங்கிவிடலாம். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைக்கும், முட்டை சிக்கிக்கொள்ளும், உயிரே போகும். கூண்டு வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. பெண் யேமன், பெண் பேந்தர் கூண்டில் முட்டைத்தொட்டி எப்போதும் இருக்க வேண்டும். ஜாக்சன் குட்டி போடும் இனம் என்பதால் அதற்கு மட்டும் தேவையில்லை.

30 செ.மீ. நீளமும் அகலமும் உள்ள, ஒளி ஊடுருவாத தொட்டி எடுங்கள். கழுவிய மணலும் உரம் கலக்காத மண்ணும் சமமாகக் கலந்து 20 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விரலை அடிவரை விட்டு எடுங்கள். துளை இடியாமல் நிற்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. உங்கள் நிலைமையில் இதை இன்றே செய்து உள்ளே வைத்துவிடுங்கள். ஏறி இறங்க ஒரு கொம்பையும் சாய்த்து வையுங்கள்.

தோண்டத் தொடங்கியதும் கூண்டின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்துவிடுங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதியில் விட்டுவிடும், அந்த ஏமாற்றம்தான் முட்டை சிக்குவதற்கு வழி. இரண்டு மூன்று இடத்தில் சோதித்துத் தோண்டும், ஒரு குழியில் முட்டையிட்டு, மண்ணை மூடி, வயிறு ஒட்டி மேலே ஏறும். முட்டைகள் 20க்குக் குறைந்தும் இருக்கலாம், 60, 70ஐத் தாண்டியும் போகலாம். முடிந்ததும் நீண்ட நேரம் தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று நாள் கால்சியம் தூவிய இரையைத் தாராளமாகக் கொடுங்கள். தோண்டியும் இரண்டு நாளில் முட்டையிடவில்லை, சோர்கிறது, பகலில் கண்ணை மூடுகிறது என்றால் காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

முட்டை எண்ணிக்கையைக் குறைக்கவும் வழி உண்டு. வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சி மட்டும் கொடுத்து, வெயில் காயும் இடத்தை 27 டிகிரியிலேயே வைத்தால் முட்டைகள் குறையும், இடைவெளி நீளும், உடம்பும் தேயாது.

கே: கூண்டு பெரியதுதானே, இரண்டு பச்சோந்திகளைச் சேர்த்து வளர்க்கலாமா?

ப: கூடாது. சண்டை போடவில்லை என்பது சமாதானம் ஆகாது. ஒன்று வெயிலையும் இரையையும் பிடித்துக்கொள்ளும், மற்றது சத்தமில்லாமல் மெலியும். இரண்டு கூண்டுகள் பக்கத்தில் இருந்தாலும் நடுவே மறைப்பு வையுங்கள்.

கே: இரைப்பூச்சிகளைக் கூண்டுக்குள் திறந்துவிடுகிறேன். இது சரியா?

ப: நாலைந்து விட்டு, தின்று முடித்ததா என்று பார்த்துக்கொண்டால் தவறில்லை. மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதுதான் தவறு. மிச்சமான சுவர்க்கோழிப் பூச்சிகள் செடிக்குள் ஒளிந்து, இரவில் தூங்கும் பச்சோந்தியின் காலையும் கண்ணிமையையும் கடிக்கும். வழவழப்பான சுவருள்ள ஆழமான கிண்ணத்தை வழக்கமான கிளைக்கு ஒரு நாக்கு நீளம் கீழே பொருத்தி, அதில் இரையை விடுங்கள். எத்தனை தின்றது என்ற கணக்கும் கையில் இருக்கும்.

பூச்சியின் அகலம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குள் அடங்க வேண்டும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முதல் ஐந்து. கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிக்குக் கீரை, கேரட், பூசணி என்று தின்னக் கொடுங்கள். பட்டினிப் பூச்சியில் வெறும் ஓடுதான் இருக்கும். டி3 கலக்காத கால்சியம் பொடியை ஒவ்வொரு முறையும் மெலிதாகத் தூவுங்கள். டி3யும் பல்வைட்டமினும் உள்ள பொடி மாதம் இரண்டு முறை மட்டும். டி3 உடம்பில் தேங்கும் சத்து. தினமும் கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

கே: எல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டேன். நாளைக்கே பச்சோந்தியைக் கொண்டுவரலாமா?

ப: ஒரு வாரம் பொறுங்கள். பச்சோந்தி இல்லாமலே விளக்கு, தெளிப்பு, டைமர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, காலை, நண்பகல், இரவு மூன்று வேளையும் சூட்டையும் ஈரப்பதத்தையும் எழுதிவையுங்கள். எந்த மூலை காய்வதில்லை, வாளி எத்தனை நாளில் நிரம்புகிறது, நண்பகலில் அறை எவ்வளவு சூடாகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

வந்த பிறகு முதல் இரண்டு வாரம் கையில் எடுக்க வேண்டாம். புது எச்சத்தை மருத்துவரிடம் கொடுத்து ஒட்டுண்ணிப் பரிசோதனை செய்யுங்கள். வலையைப் பற்றிக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். வெளியேறப் பார்க்கிறது, மறைவு போதவில்லை, அல்லது சூடு சரியில்லை. நாள் முழுக்கக் கறுத்த நிறத்தில் இருந்தால் குளிராகவோ பயமாகவோ இருக்கும். இரவில் வெளிறித் தூங்குவது இயல்பு. பகலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது மட்டும் எந்த நாளும் இயல்பல்ல. அப்படிக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; கூடவே கூண்டின் படம், விளக்கின் பெயர், எழுதிவைத்த சூட்டுக் கணக்கு, புது எச்சம் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் அவற்றைத்தான்.